வலிப்பைப் பார்த்தவர் சொல்ல வேண்டும்: நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

நான் நரம்பியல் மருத்துவர். என் வேலையில் பெரும்பகுதி வலிப்பு நோயாளிகளோடுதான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மாத்திரை அளவு மட்டும் யாருக்கும் இங்கே சொல்லவில்லை. அதை உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: போன வாரம் நடு ராத்திரியில் என் கணவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. மாமியார் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தார். நாக்கைக் கடித்துவிடுவாரோ என்று நான் வாயில் ஸ்பூனை வைத்தேன். சரியா டாக்டர்?

பதறிப்போய்ச் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இனி ஸ்பூன் வேண்டாம் அம்மா. பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம், உங்கள் விரலும் கடிபடலாம். நாக்கில் பட்ட காயம் சில நாளில் ஆறிவிடும்.

சாவி விஷயம் இதுதான்: பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். வீட்டில் சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். அதனால் சாவி கொடுத்ததால்தான் நின்றது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு அடைக்காது. தலைக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள், சட்டைக் காலரைத் தளர்த்துங்கள், கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூட வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். இது முதல் வலிப்பு என்றால், அடங்கிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மகளுக்கு இ.இ.ஜி. நார்மல், எம்.ஆர்.ஐ.யும் நார்மல். ஆனாலும் வலிப்பு என்று மாத்திரை எழுதிவிட்டார்கள். எதை நம்புவது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. இ.இ.ஜி. என்பது மூளையின் மின்னோட்டத்தை அரை மணி நேரம்போல எட்டிப் பார்ப்பது. அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் பதிவும் அமைதியாகத்தான் இருக்கும். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாக வருகிறது. வலிப்பே இல்லாத சிலருக்கு அதில் ஏதாவது கோளாறு தெரிவதும் உண்டு. தாளை மட்டும் பார்த்து இந்த நோயை உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது.

நான் நம்புவது, பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வதை. விழுவதற்கு முன் முகம் வெளுத்ததா? கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? தலை எந்தப் பக்கம் திரும்பியது? முதலில் எந்தக் கை இழுத்தது? எழுந்த பிறகு எவ்வளவு நேரம் குழப்பம் இருந்தது? வெயிலில் நின்று மயங்கி விழுபவருக்கும் சில நொடி கை கால் வெட்டும், ஆனால் அது வலிப்பு நோய் இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு உதவுவது இந்த விவரங்கள்தான். நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது. அதனால் பள்ளியில் விழுந்திருந்தால், பார்த்த டீச்சரிடம் போனில் பேசிக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை வந்தால், மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ஒரு நிமிட வீடியோ, பல பரிசோதனைகள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

கேள்வி: எனக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு. காலையில் எழுந்ததும் கை திடீர் திடீரென்று உதறும், காபி டம்ளர் கீழே விழும். தூக்கக் கலக்கம் என்று அம்மா திட்டுவார்கள். பரீட்சைக்கு ராத்திரி முழுக்கப் படித்தேன், காலையில் ஃபிட்ஸ் வந்துவிட்டது.

தம்பி, டம்ளரைச் சேர்த்துச் சொன்னது ரொம்ப நல்லது. நீ எழுதியிருப்பது, உன் வயதில் தொடங்கும் ஒரு குறிப்பிட்ட வகை வலிப்புக்கு அப்படியே பொருந்துகிறது. காலை உதறல், தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பு, இரண்டும் அதன் அடையாளம். இந்த உதறலை டாக்டரிடம் பலர் சொல்வதே இல்லை, டாக்டரும் கேட்காமல் விட்டுவிடுவது உண்டு. அப்போது கார்பமசெபின் போன்ற மாத்திரை எழுதப்பட்டால் உதறல் கூடிவிடலாம். சரியான மாத்திரைக்கு இந்த வகை நன்றாகக் கட்டுப்படும், ஆனால் பெரும்பாலும் பல ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும். படிப்பை மாலைக்கு மாற்றிக்கொள். இரவுத் தூக்கத்தில் கைவைக்காதே. இந்தப் பதிலை அம்மாவிடமும் காட்டு.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அண்ணனுக்கு மூளையில் பன்றி நாடாப்புழு என்கிறார்கள். எப்படி வரும்?

சைவம் சாப்பிடுபவருக்கும் வரும். சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அவை கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர், சரியாகக் கழுவாத கை வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், அங்கே பொரித்த குஞ்சுப்புழு ரத்தத்தோடு போய் மூளையில் கட்டியாகத் தங்கும். வலிப்பு அதனால் வருவது.

ஒரு காலத்தில் ஸ்கேனில் சிறு வளையங்களாகத் தெரியும் இந்தக் கட்டிகளைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தப் புழுவால் வந்தவை என்று காட்டியதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒற்றைச் சிறு கட்டி பல பேருக்குச் சில மாதங்களில் சுருங்கி மறைந்துவிடும். பூச்சி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். புழு சாகும்போது மூளையில் வீக்கம் வரும். அதை அடக்கும் ஸ்டீராய்டோடு, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது மட்டும் மகனுக்கு வலிப்பு வருகிறது. இப்படிக்கூட உண்டா?

உண்டு. உலகிலேயே தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், இது அதிகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். சூட்டைக் குறையுங்கள், சொம்பால் மளமளவென்று தலையில் ஊற்றாதீர்கள், குளியலறைக் கதவைத் தாழ்போட வேண்டாம். அப்படியும் வந்தால், தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் முன்கூட்டிப் போடும் மாத்திரை உண்டு.

கேள்வி: மகளுக்கு வரன் வந்திருக்கிறது. மாத்திரையால் மூன்று வருடமாக வலிப்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள்.

சொல்லுங்கள் அம்மா. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்கள் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்து, நேரம் தவறவிட்டு, கல்யாணமான சில வாரங்களிலேயே வலிப்பு வந்து என்னிடம் வருகிறார்கள். கல்யாணச் சடங்குகளில் தூக்கமும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றால் வராமல் என்ன செய்யும்? பயப்படச் சட்டத்திலும் இப்போது எதுவும் இல்லை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்தது, 1999-இல் அந்த வார்த்தையை நீக்கிவிட்டார்கள்.

தேதி குறிக்கும் முன் டாக்டரிடமும் ஒருமுறை போங்கள். மகள் சாப்பிடுவது சோடியம் வால்புரோயேட் என்றால், கருத்தரிக்கும் முன்பே அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்த மாத்திரையில் கருவுற்றால் 10 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பெரிய உடல் குறைபாடு வரலாம். வளர்ச்சியில், கற்றலில் சிரமப்படும் குழந்தைகள் 30 முதல் 40 விழுக்காடு. லாமோட்ரிஜின், லெவெட்டிராசிட்டம் போன்றவை இதில் எவ்வளவோ பாதுகாப்பானவை. மாற்றவும் மாற்றியது ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும் மாதங்கள் ஆகும், அதனால்தான் இப்போதே போகச் சொல்கிறேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஃபோலிக் அமிலமும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தை பெறுகிறார்கள், தாய்ப்பாலும் கொடுக்கிறார்கள்.

கேள்வி: தம்பிக்கு 28 வயது. திடீரென்று வெறித்துப் பார்ப்பான், வாயைச் சப்புக்கொட்டுவான், சட்டையைப் பிடித்துத் தடவுவான். மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை.

நான்காவது மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். கிளாஸ்கோவில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், முதல் மாத்திரையிலேயே 47 விழுக்காட்டினருக்கு வலிப்பு நின்றது, இரண்டாவதில் இன்னும் 13. அதற்குப் பிறகு முயன்றதில் கூடியது சுமார் 4 மட்டுமே. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகள் பலிக்கவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்குத் தகுதியா என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் காதோரப் பொட்டுப் பக்கத்து மூளையில் தொடங்கும் வலிப்பைக் காட்டுகின்றன. அறுவை சிகிச்சை நன்றாகப் பலிப்பது இதில்தான். 2001-இல் வெளியான கனடா ஆய்வில், நினைவு தப்பும் வலிப்பு ஓராண்டுக்குப் பின் இல்லாமல் இருந்தவர்கள், அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 58 விழுக்காடு, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 விழுக்காடு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் இந்த அறுவை சிகிச்சையைச் செய்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, பரிசோதனைகளே பல நாள் நடக்கும். ஆனாலும் 28 வயதில் போய்க் கேட்பதற்கும் 45 வயதில் கேட்பதற்கும் இடையில் ஒரு வேலை, ஒரு குடும்பம் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலில் ஒருமுறை வந்தது. ஆயுளுக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. 6 மாதம் முதல் 5 வயது வரை காய்ச்சலோடு வலிப்பு வருவது நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு உண்டு, வளர வளர நின்றுவிடும். வந்தது 15 நிமிடத்துக்கு மேல் நீடித்திருந்தாலோ ஒரு பக்கம் மட்டும் இழுத்திருந்தாலோ கட்டாயம் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். இரண்டு வருடமாக வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

இரண்டு வருடம் என்பது டாக்டரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கும் நேரம். என்ன வகை வலிப்பு, ஸ்கேனில் தழும்பு இருக்கிறதா, இ.இ.ஜி. எப்படி என்று பார்த்துத்தான் முடிவெடுப்போம். நிறுத்துவதென்றாலும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் விட்டால் நிற்காத தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். உங்கள் பிழைப்பு அந்த வண்டியில் இருக்கிறது என்று தெரியும், அதனால் இதைச் சொல்ல எனக்கு எளிதாக இல்லை. ஆனால் பின் சீட்டில் பள்ளிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதை உங்கள் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைக்கும் மாதங்களிலும், நிறுத்திய பின் அவர் சரி என்று சொல்லும்வரையும் வண்டியை எடுக்காதீர்கள்.