சாமி கண்ணைக் குத்துமா? பால்வாடி டீச்சரின் பதில்கள்

முப்பது வருசம் பால்வாடியில் இருந்தவள் நான். சாமியைப் பற்றி உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதை எழுதச் சொல்லியிருந்தேன். வந்ததில் சில.

பெருந்துறையிலிருந்து: மாமியார் எதற்கெடுத்தாலும் 'சாமி கண்ணைக் குத்திடும்' என்கிறார். நாலு வயசு மகள் மாகாளியம்மன் கோயிலுக்குள் வரவே அழுகிறாள்.

அழத்தானே செய்வாள்? உள்ளே போனால் கையில் சூலத்தோடு அம்மன். அந்த வயசில் சொன்னது சொன்னபடியே நிஜம். மாமியாரோடு சண்டை வேண்டாங்க. "கோயிலுக்கு வரவே பயப்படறாளுங்க அத்தை" என்று மட்டும் சொல்லுங்கள், அவரே நிறுத்திவிடுவார். கொஞ்ச நாளைக்கு வாசலோடு நில்லுங்கள். வீட்டில் மாவிளக்குக்கு மாவு பிசையும்போது அவள் கையிலும் ஒரு உருண்டை கொடுங்கள்.

அவிநாசியிலிருந்து: முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையை, கோயிலில் வைத்து மகனுக்குச் சொன்னேன். வயசு ஐந்து. 'நாமும் பாடினா அப்புச்சி வருவாங்களா?' என்கிறான். அப்புச்சி, அதாவது என் அப்பா, இறந்து ஒரு மாசம்தான் ஆகிறது.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வரமாட்டார் என்பதை ஒளிக்காதீர்கள். போனவர் போனவர்தான் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயசுக்குள் மெல்ல மெல்லத்தான் பிடிபடும். 'தூங்குறாங்க' என்றால் ராத்திரி படுக்கப் பயப்படுவான். 'சாமி கூட்டிக்கிச்சு' என்றால் அடுத்து அம்மாவையா என்று யோசிப்பான். "அப்புச்சி உடம்பு ரொம்ப முடியாமப் போய் நின்னுபோச்சு கண்ணு. இனி வரமாட்டாங்க. எனக்கும் அழுகையா வருது" என்று சொல்லுங்கள். நாளைக்கும் கேட்பான், அதே பதிலைச் சொல்லுங்கள். கதையைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் எத்தனை வருசம் அழுதுகொண்டிருந்தாள் என்பதும் அதே கதையில்தானே இருக்கிறது? அந்த இடத்தைச் சொல்லுங்கள். பாட ஆசைப்பட்டால் பாடட்டும். அப்புச்சிக்குப் பிடித்த பாட்டு ஒன்றாவது இருக்குமே.

ஈரோட்டிலிருந்து: வீட்டுக்காரர் சாமி இல்லை என்பவர். நான் விளக்கு வைப்பவள். 'யார் சொல்றது நிஜம்?' என்கிறாள் மகள்.

பெரியார் பிறந்த ஊரில் இது புதுசா? 'அப்பா அப்படி நினைக்கிறாங்க, நான் இப்படி நினைக்கிறேன்' என்றால் போதும். அவள் முன்னால் ஒருவரையொருவர் கேலி பேசாதீர்கள்.

காங்கேயத்திலிருந்து: சிவன்மலை உத்தரவுப் பெட்டியைப் பார்த்த மகன், 'முருகன் என் கனவுல வந்து ஜேசிபி பொம்மை வைக்கச் சொன்னா வைப்பாங்களா?' என்றான். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொண்டான்.

கோபம் நியாயம்தான். பக்தர் கனவில் வந்த பொருளைப் பூ கேட்டு வைக்கிற பெட்டி அது. மண்ணும் தண்ணீரும்கூட அதில் இருந்திருக்கின்றன, ஜேசிபிக்கு என்ன குறைச்சல்? 'பூ விழுந்தா வைப்பாங்க' என்று சொல்லிவிட்டு, முருகன் எதைத் தோண்டச் சொன்னார் என்று கேளுங்கள். அவன் சொல்வதை எனக்கும் எழுதுங்க.