ஷபீராவின் தோல் கீற்றுகள் எங்கே?

"உதுமானிய ஆட்சியின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த உள்ளூர் மர்மம் எதையேனும் நீங்கள் ஆராய்ந்ததுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. எருசலேமின் கிறித்தவர் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருந்த மோசஸ் வில்ஹெல்ம் ஷபீராவின் கதையைப் பல ஆண்டுகளாகத் தேடித்தேடிப் படித்து வருகிறேன். 1883இல் அவர் கருத்துப்போன தோல் கீற்றுகள் சிலவற்றை லண்டனுக்குக் கொண்டுசென்று, சாக்கடலுக்குக் கிழக்கே ஒரு குகையில் பாலைவன நாடோடிகளான பெதூயின்கள் கண்டெடுத்தவை என்று சொல்லி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் பத்து லட்சம் பவுண்டு கேட்டார். தொன்மையான எபிரேய எழுத்தில் அமைந்த அந்த வாசகம் விவிலியத்தின் ஐந்தாம் நூலான உபாகமத்தை ஒத்திருந்தும், பத்துக் கட்டளைகளிலேகூட அதிலிருந்து மாறுபட்டது.

பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன் கன்னோ, யூதர்களின் வேதமான தோராவின் சுருள் ஒன்றின் கீழ் விளிம்பை வெட்டி எழுதிய போலி இது என்றார். அருங்காட்சியகத்துக்காகக் கீற்றுகளைப் படியெடுத்த அறிஞர் கின்ஸ்பர்க்கும் போலி என்றே முடிவு செய்தார். மறு ஆண்டு மார்ச்சில், ராட்டர்டாம் விடுதி ஒன்றில் ஷபீரா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கன்னோவின் ஐயம் காரணமற்றதன்று. ஷபீரா முன்பு பிரஷ்ய அரசுக்கு விற்ற பண்டைய மோவாப் நாட்டவை எனப்பட்ட சுடுமண் பொருள்கள் எருசலேமிலேயே செய்யப்பட்டவை என்பதை, அவ்வூர்க் குயவர்களை நேரில் விசாரித்து வெளிக்கொண்டு வந்தவர் அவரே.

ஆயினும் ஈரமான அந்நிலத்தில் தோல் இத்தனை காலம் அழியாதிருக்குமா என்று அன்று எழுப்பிய வாதம், 1947இல் சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் தொன்மையான தோல் சுருள்கள் கிடைத்ததும் வலுவிழந்தது. 2021இல் விவிலிய ஆய்வாளர் இடான் டெர்ஷோவிட்ஸ், பெர்லின் நூலகத்திலுள்ள ஷபீராவின் தாள்களில் அவர் கைப்பட எழுதிய படி ஒன்றைச் சுட்டிக்காட்டினார். வாசிக்க முடியாத இடங்களில் கேள்விக்குறிகள், எழுதிப் பின் கைவிட்ட வாசிப்புகள் என்று ஒருவர் திணறித் திணறிப் படித்த தடம் அதில் தெரிகிறது. தானே புனைந்த வாசகத்தைப் படிக்க ஒருவர் அப்படித் திணறுவாரா என்ற கேள்வி என்னை உறங்க விடவில்லை. இருப்பினும் அது ஷபீரா ஏமாற்றவில்லை என்பதற்கே சான்றாகும். கீற்றுகளை வேறொருவர் புனைந்து அவரிடம் விற்றிருக்கலாம். எழுத்துகளின் வடிவத்தை முன்வைத்து மறுக்கும் வல்லுநர்களும் இன்று பலர்.

தோல் கையில் இருந்தால் கரிமக் காலக்கணிப்பால் அதன் வயதையேனும் அறியலாம். 1885இல் ஏலத்துக்கு வந்த கீற்றுகளைப் புத்தக வணிகர் குவாரிட்ச் பத்துப் பவுண்டு ஐந்து ஷில்லிங்குக்கு வாங்கினார்; 1889இல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து மருத்துவர் பிலிப் மேசன் அவற்றைக் காட்டி உரை நிகழ்த்தினார்; அதன்பின் தடமில்லை. ஆகவே நீங்கள் தேடத் தொடங்குவதானால், எருசலேமைவிட பர்ட்டனின் பழைய செய்தித்தாள்களிலும் மேசனின் உடைமைகள் கைமாறிய ஆவணங்களிலும் தொடங்குங்கள்.