கணப்புக்கு மேலே வேண்டாம்

கேள்வி: லண்டனில் பழைய வரிசை வீடு எங்களுடையது. வில்லியம் மார்லோ வரைந்த, வெனிஸ் கால்வாயின் கோடியில் லண்டனின் செயின்ட் பால் கதீட்ரல் நிற்கும் ஓவியத்தின் பிரதியை அசல் அளவிலேயே வாங்கிவிட்டோம் (உயரம் 130 செ.மீ., அகலம் 104). முன்னறையில் கணப்புக்கு மேல் மாட்டி, அறையையே 18ஆம் நூற்றாண்டாக்கிவிடலாம் என்கிறார் கணவர். கூரை 8 அடி, கணப்பு மேடை 4 அடி. செய்யலாமா?

பதில்: டேப்பை எடுங்கள் முதலில். மேடைக்கு மேல் மிச்சமிருப்பது 122 செ.மீ., படமோ 130. மாடிக்குத்தான் போகும்.

சரி, இடமிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கட்டடங்கள் இருபுறமும் வரிசையாக உள்வாங்கும் படங்களில் ஒரு அடிவானக் கோடு ஒளிந்திருக்கும், அது நம் கண் உயரத்துக்கு வந்தால்தான் கால்வாய் அறைக்குள்ளிருந்தே தொடங்குவதுபோல் இருக்கும், உயரத்தில் மாட்டினால் வெறும் சுவரொட்டி. உங்கள் முன்னறையில் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்துதானே பார்ப்பார்கள்? உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து சுமார் 115 செ.மீ. படத்தில் இருபக்கக் கூரை விளிம்புகளோடு நூல் பிடித்து நீட்டுங்கள். அவை சந்திக்கும் இடம் அந்த உயரத்தில் வரட்டும். ரொம்பத் தாழ்வாக மாட்டிவிட்டோமோ என்று தோன்றும். தோன்றட்டும்.

எந்தச் சுவர்? படத்துக்குள் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அதே பக்கம் ஜன்னல் இருக்கும் சுவர். நேர் வெயில் மட்டும் படக்கூடாது, மை வெளுத்துவிடும். சுவர் நிறத்தை வானத்திலிருந்து எடுக்காதீர்கள், கட்டடங்களின் நிழலிலிருந்து எடுங்கள்.

அப்புறம் அந்த 18ஆம் நூற்றாண்டு விஷயம். மார்லோ இதை வரைந்தது 1795 வாக்கில். இத்தாலிய ஓவியர் கனலெட்டோவின் வெனிஸ் காட்சிகளை ஆங்கிலப் பிரபுக்கள் போட்டி போட்டு வாங்கிய நூற்றாண்டு அது. அவரே 1746இல் லண்டனுக்கு வந்து பல ஆண்டுகள் தங்கி வரைந்தார். மார்லோ அந்த மோகத்தைக் கொஞ்சம் சீண்டிப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. கதீட்ரல் வாசலில் ஏது கால்வாய்? இவ்வளவு முறைப்பாக நிற்கும் படம் சுத்தப் பொய்! அதைச் சுற்றிப் போலிப் பழைய நாற்காலிகளை நிரப்பினால் அந்தக் குறும்பு அமுங்கிப்போகும். இருக்கிற சோபாவே போதும். கணவருக்காக மெல்லிய தங்க முலாம் சட்டம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், பூவேலை இல்லாமல்.