கரண்ட் போனா கம்ப்யூட்டருக்கு ஏன் மறந்து போகுது?

யாங்கோன்ல ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிஞ்சதும் பிள்ளைங்களும் பெரியவங்களும் கேட்டது, நான் சொன்னது.

கேள்வி (ஒன்பது வயசுப் பாப்பா): மாமா, நேத்து கரண்ட் போச்சு. நான் அடிச்ச கட்டுரையைக் காணோம். போன வாரம் வரைஞ்ச யானை மட்டும் அப்படியே இருக்கு. எப்படி?

பதில்: யானையைச் சேமிச்சே கண்ணு, கட்டுரையைச் சேமிக்கலை. நீ அடிக்கிறது முதல்ல ரேம்ங்கிற இடத்துக்குத்தான் போகும். அதுக்குள்ள கோடிக்கணக்குல குட்டிக் குடம் இருக்குன்னு வச்சுக்கோ. தண்ணிக்குப் பதிலா மின்சாரம். குடம் நிறைஞ்சிருந்தா 1, காலின்னா 0. எல்லாமே ஓட்டைக் குடம்! ஒழுக ஒழுக, மெஷின் நொடிக்குப் பல தடவை திரும்ப நிரப்பிக்கிட்டே இருக்கும். கரண்ட் போனா நிரப்ப ஆளில்லை, உன் கட்டுரையும் ஒழுகிப் போச்சு. சேமிச்சா டிஸ்க்குல எழுதிக்கும், அது கரண்ட் இல்லாமலே நிக்கும். யானை இருக்கிறது அங்கதான். நம்ம ஊரு கரண்டை நம்பாதே, நாலு வரிக்கு ஒரு தடவை கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அமுக்கிச் சேமி.

கேள்வி (அவ அண்ணன்): லேப்டாப்புல அப்படிப் போகலையே?

பதில்: பேட்டரி இருக்குல்ல தம்பி. அதுவும் தீர்ந்தா இதே கதைதான்.

கேள்வி (மோல்மேன்ல கடை வச்சிருக்கிறவர்): அண்ணே, பழைய பர்மியக் கணக்கு ஃபைலைப் புது மெஷின்ல திறந்தா எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்கு. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லைங்க, பழைய ஸோஜி எழுத்துரு பண்ற வேலையாத்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கிற பொதுப் பட்டியல் யூனிகோட். அதுல நம்ம ‘க’வுக்கு 2965, பர்மிய ‘க’வுக்கு 4096. ஸோஜி அதே பர்மிய நம்பர்களை எடுத்து, பலதைத் தன் இஷ்டத்துக்கு வேற வடிவத்துக்குக் குடுத்திருச்சு. 2019 அக்டோபர் 1ல நாடே யூனிகோடுக்கு மாறுச்சுல்ல? உங்க புது மெஷின் யூனிகோடாத்தான் படிக்குது. தமிழ்லயும் பாமினியில அடிச்ச பழைய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல ஆங்கில எழுத்தாக் கொட்டுமே, அந்த மாதிரிதான். உள்ள இருக்கிற நம்பர் கெடலை. ஃபைலை அழிச்சிடாதீங்க. ஒரு நகல் எடுத்து வச்சுக்கிட்டு, அப்புறமா ஸோஜியை யூனிகோடா மாத்துற மென்பொருள்ல போடுங்க.

கேள்வி (ஒரு பாட்டி): மௌஸு மேசை ஓரத்துக்கே வந்துருச்சுப்பா. அம்பு இன்னும் பாதியிலயே நிக்குது.

பதில்: மௌஸைத் தூக்கி நடுவுல வைங்க பாட்டி. தூக்கினா அம்பு நகராது. அதோட வயித்துல ஒரு சின்னக் கேமரா, மேசையை ஓயாமப் படம் எடுத்து, எந்தப் பக்கம் நகருதுன்னு பார்க்கும். உங்க வீட்டுது கண்ணாடி மேசைன்னா அதுக்குக் கண்ணு தெரியாது. பழைய காலண்டர் அட்டை ஒண்ணை அடியில போட்டுக்குங்க.