சூடேறும் எஞ்சின், ஓயாத டிக் சத்தம்: பழைய ஜீப் வைத்திருப்போர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டே குறைகளைப் பற்றியவை. ஒன்று, ஏற்றத்திலோ மணலிலோ எஞ்சின் சூடேறுவது. மற்றொன்று, எஞ்சினின் மேலுள்ள வால்வு மூடிக்குக் கீழிருந்து கேட்கும் டிக் டிக் என்ற சத்தம். எழுதியவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று பாகங்களை மாற்றிவிட்டார்கள்; குறை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே எதை மாற்றலாம் என்பதைக் காட்டிலும் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்பதையே விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய மகிந்திரா டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். பாதி ஏற்றத்திலேயே தண்ணீர் கொதித்து வெளியே தள்ளுகிறது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும், வாட்டர் பம்ப் மாற்றியும் பயனில்லை. கீழே ஊருக்குள் ஓட்டும்போது எந்தத் தொந்தரவும் இல்லை.

பதில்: ரேடியேட்டர் மூடியை மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் இறங்குகிறது. கொழுக்குமலையின் உயரமான சுமார் 2,100 மீட்டரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சாதாரணமாக ஓடும் வெப்பநிலையே அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது. இந்த இடைவெளியை அகலப்படுத்துவதற்காகத்தான் மூடியில் ஸ்பிரிங் வைத்து உள்ளே அழுத்தத்தைத் தக்க வைக்கிறார்கள். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி ஒழுங்காக வேலை செய்தால், அதே உயரத்தில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி வரை கொதிக்காது. மூடி அழுத்தத்தைக் கசியவிட்டால், எஞ்சினில் வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், மேலே போகும்போது தண்ணீர் கொதிக்கத்தான் செய்யும். சமவெளிக்கு இறங்கியதும் குறை மறைந்துவிடும். நீங்கள் சொல்லும் அடையாளமும் இதுவே.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியிலுள்ள ரப்பர் வளையம் விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கி மீள வேண்டும். ஓடுபோலக் கெட்டியாகக் காய்ந்து, கழுத்தின் விளிம்பு பதிந்த வட்டத் தழும்பு ஆழமாகத் தெரிந்தால் அந்த மூடி போய்விட்டது. நடுவிலுள்ள சிறிய வால்வை நகத்தால் இழுத்துவிட்டால் தானாகத் திரும்பி மூடிக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் கழுத்தின் உள்விளிம்பையும் விரலால் தடவுங்கள். அங்கே நெளிவோ உப்புப் படிவோ இருந்தால் புது மூடியும் அழுத்தத்தைப் பிடிக்காது. இரண்டு ரேடியேட்டர்கள் மாற்றிய பின்னும் குறை தீராமல் என் பட்டறைக்கு வந்த ஒரு ஜீப், மூடியை மாற்றியதோடு சரியாகிவிட்டது.

மூடி நன்றாக இருக்குமானால் அடுத்து விசிறியைப் பாருங்கள். ஏற்றத்தில் வண்டி நடை வேகத்தில் போகிறது, எஞ்சினோ முழு பாரத்தை இழுக்கிறது. எதிர்க்காற்று கிடைக்காததால் ரேடியேட்டருக்குள் காற்றை இழுக்கும் பொறுப்பு முழுக்க விசிறியுடையது. பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும், விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு உடைந்தோ கழற்றப்பட்டோ இருந்தாலும், விசிறி ஏற்கெனவே சூடேறிய காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். அழகுக்காக முன் கிரில்லில் கட்டிய கூடுதல் விளக்குகளையும் கழற்றிவிடுங்கள்.

வழியோர ஓடைத் தண்ணீரையோ போர் தண்ணீரையோ தொடர்ந்து ஊற்றி வந்திருந்தால், சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதைகளில் உப்பு படிந்திருக்கும். ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்வதால் அந்தப் படிவு போகாது; எஞ்சின் பிளாக்கையும் கழுவி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து நிரப்ப வேண்டும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சூடாகாது என்று மெக்கானிக் கழற்றி எறிந்துவிட்டார். இது சரியா?

பதில்: சரியில்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரட்டை வேலை உண்டு. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதே நேரத்தில் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும்; சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினுக்குள் திரும்பும். ஆகவே பாரம் ஏறும்போது முன்னைவிட அதிகமாகச் சூடாகலாம். மற்ற நேரங்களில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகி, சிலிண்டர் தேய்மானமும் கூடும். பழைய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடேற்றினால், அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் மாற்றுங்கள்; ஆனால் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

கேள்வி: ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். 1998ஆம் ஆண்டு ஜீப் ராங்லர், 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம் வருகிறது; பத்து நிமிடம் ஓடியதும் குறைகிறது. பன்னிரண்டு லிஃப்டர்களையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அந்த எஞ்சினில் இதே போன்ற சத்தத்தைத் தரக்கூடிய இடங்கள் பல உண்டு; அவற்றுள் லிஃப்டர் ஒன்று மட்டுமே.

ஹைட்ராலிக் லிஃப்டர் என்பது உள்ளே ஒரு சிறிய பிளஞ்சரும் ஒரு செக் வால்வும் கொண்ட உருளை. எஞ்சின் ஆயில் அதனுள் நிறைந்து, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டுக்கும், அதன் அசைவை மேலே கொண்டுசெல்லும் புஷ்ராடுக்கும் இடையே இடைவெளியே இல்லாமல் பார்த்துக்கொள்கிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். எனவே ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடிகள் சத்தம் வந்து அடங்குவது இயல்புதான். அதற்கு மேல் நீடித்தால், தரமற்ற ஆயில் ஃபில்டரினுள் ஆயில் வடிவதைத் தடுக்கும் ரப்பர் வால்வு கெட்டிருக்கலாம். முதலில் நல்ல ஃபில்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் வண்டியில் சத்தம் பத்து நிமிடம் நீடித்து, எஞ்சின் சூடாகச் சூடாகக் குறைகிறது. அது என்னை, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சந்தேகிக்க வைக்கிறது. 1999 வரை வந்த இந்த எஞ்சின்களின் குழாய் வடிவ மேனிஃபோல்ட், குழாய்கள் கூடும் பற்றவைப்பில் விரிசல் விடுவதற்குப் பெயர்போனது. குளிர்ந்திருக்கும்போது விரிசல் வழியே ஒவ்வொரு முறையும் புகை சீறுவது டிக் என்று கேட்கும். இரும்பு சூடேறி விரிந்ததும் விரிசல் மூடிக்கொண்டு சத்தம் அடங்கும்.

இரண்டையும் பிரித்தறியச் செலவில்லாத வழி உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சத்தம் வரும் அந்தச் சில நிமிடங்களுக்குள், இன்ஜெக்டர்களின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டே வாருங்கள். எரிபொருள் நின்ற சிலிண்டரில் எரிதல் இல்லை. எரிதல் இல்லையென்றால் சீறலும் இல்லை. குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைத் துண்டித்ததும் சத்தம் கணிசமாகக் குறைந்தால் அது மேனிஃபோல்ட் கசிவு. லிஃப்டர் அப்படியன்று, எரிதல் நின்றாலும் கேம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், எனவே சத்தம் மாறாது. பிஸ்டன் தேய்ந்து சிலிண்டர் சுவரில் தட்டும் சத்தமும் இந்தச் சோதனையில் குறையும். ஆனால் அது கனமாக, மரத்தைத் தட்டுவதுபோல, பிளாக்கின் பக்கவாட்டிலிருந்து கேட்கும். பிறகு எஞ்சின் ஆறியதும் ஒரு டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு மேனிஃபோல்டின் மடிப்புகளைப் பாருங்கள். கசிவு உள்ள இடத்தில் கரிக்கோடு ஒன்று, கண்மை தீற்றியதுபோல, மெல்லியதாக ஓடியிருக்கும்.

தொழிலில் சேர்ந்த புதிதில் இதே எஞ்சின் ஒன்றில் லிஃப்டர்கள் அனைத்தையும் நான் மாற்றியிருக்கிறேன். மறுநாள் காலை அதே சத்தம் வந்தது. கடைசியில் அந்தக் கரிக்கோட்டைத்தான் கண்டேன். உரிமையாளரிடம் கூலி வாங்க மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

சோதனையில் லிஃப்டர்தான் குற்றவாளி என்று தெரிந்தாலும், கேம்ஷாஃப்ட்டைப் பார்க்காமல் புது லிஃப்டர் போடாதீர்கள். இந்த எஞ்சினில் லிஃப்டரின் அடிப்பகுதி கேமின் மேல் நேரடியாக உரசி ஓடுகிறது; தேய்ந்த கேமின் மேல் புது லிஃப்டரை வைத்தால் இரண்டும் சேர்ந்து விரைவில் அழியும். உங்களுடையது ஆட்டோமேட்டிக் கியர் என்றால், எஞ்சினின் பின்புறம் அதைக் கியரோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில், இதே சத்தம் தரும் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னுடையதும் அதே 4.0 எஞ்சின் ராங்லர், அல் ஐன் பக்கம் மணல்மேடுகளில் ஓட்டுவேன். காலையில் சத்தமே இல்லை. மணலில் ஒரு மணி நேரம் ஓடி, வெப்பமானியின் முள் ஏறிய பிறகுதான் டிக் டிக் தொடங்குகிறது. இரண்டும் வெவ்வேறு குறைகளா?

பதில்: வேறு வேறு அல்ல என்றே நினைக்கிறேன், இரண்டையும் இணைப்பது ஆயில். எஞ்சின் சூடேறும்போது ஆயில் நீர்த்துப்போகிறது. நீர்த்த ஆயில் பேரிங் இடைவெளிகள் வழியே எளிதாக வழிந்தோடுவதால் அழுத்தம் இறங்குகிறது. லிஃப்டருக்குள்ளும் அது நிற்காமல் பிளஞ்சரின் ஓரமாகக் கசிந்துவிடுகிறது. குளிரில் வந்து சூட்டில் மறையும் சத்தத்தைக் காட்டிலும், உங்களுடையதுபோல் சூட்டில் தோன்றும் சத்தத்துக்கே நான் அதிகம் பயப்படுவேன்.

அடுத்த முறை சத்தம் தொடங்கியதும் ஓட்டுவதை நிறுத்துங்கள். சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால், செங்குத்தான மேட்டில் ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அளவுக்கு மேல் இருந்தாலும் கேடுதான். கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். காற்றுக் கலந்த ஆயில் லிஃப்டருக்குள் அமுங்குவதால் சத்தம் வரும்.

அளவு சரியாக இருந்தால், டேஷ்போர்டு முள்ளை நம்பாமல், ஆயில் சென்சார் இருக்கும் துளையில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் அளக்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினுக்கு 600 ஆர்பிஎம் ஐடிலில் குறைந்தது 13 பிஎஸ்ஐ, 1,600 ஆர்பிஎம்முக்கு மேல் 37 முதல் 75 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். அளவு இதற்குள் இருந்தால் பேரிங்குகளைப் பற்றிய கவலை வேண்டாம். சூட்டைக் குறைத்தால் சத்தமும் பெரும்பாலும் குறைந்துவிடும். கீழே இருந்தால் ஆயில் பம்ப்பையும் பேரிங்குகளையும் பார்க்காமல் லிஃப்டருக்குச் செலவழிப்பது வீண்.

சூட்டைப் பொறுத்தவரை, ராங்லரில் விசிறி எஞ்சினாலேயே சுற்றப்படுகிறது. நடுவே, சூட்டுக்கேற்ப விசிறியை எஞ்சினோடு பிணைக்கும், சிலிக்கோன் திரவம் அடைத்த விஸ்கஸ் கிளட்ச் ஒன்று இருக்கிறது. சூடான எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்ட பிறகு விசிறியைக் கையால் சுற்றிவிட்டால் எதிர்ப்பு தெரிந்து உடனே நிற்க வேண்டும். தடையின்றிச் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் செத்துவிட்டது. மற்றொன்றையும் பாருங்கள்: ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையேயுள்ள குறுகிய சந்தில் மணலும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. ரேடியேட்டரின் மேல் பிடிப்புகளைத் தளர்த்திச் சற்றே சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: என் மாருதி ஜிப்ஸியில் டாப்பெட் (வால்வு) சத்தம். எந்த கம்பெனி ஹைட்ராலிக் லிஃப்டர் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. வால்வை அழுத்தும் ராக்கர் கையின் முனையில் ஒரு திருகாணியும் லாக் நட்டும் இருக்கின்றன. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் போதும். கையேட்டில் குளிர்ந்த எஞ்சினுக்கு ஓர் அளவும் சூடான எஞ்சினுக்கு வேறோர் அளவும் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சத்தமே கேட்கக் கூடாது என்று இறுக்கிவைப்பது பெரிய தவறு. இடைவெளி இல்லாத வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை, தான் அமரும் வால்வு இருக்கைக்குக் கடத்த முடியாமல் விளிம்பு கருகிவிடும். தையல் இயந்திரம்போல் ஒரே சீராக மெல்லக் கேட்கும் சத்தம் அந்த எஞ்சினுக்கு உரியதே.

கேள்வி: நகர நெரிசலில் சூடாவதில்லை, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முள் ஏறுகிறது. விசிறியை மாற்றட்டுமா?

பதில்: அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும், விசிறிக்கு அங்கே வேலை குறைவு. நெரிசலில் சூடானால் காற்றோட்டக் குறை, வேகத்தில் சூடானால் நீரோட்டக் குறை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைபடாது. ரேடியேட்டரின் குழாய்களில் பாதி அடைபட்டிருக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் மேலும் கீழுமாக அளந்தால், அடைபட்ட பகுதி தனித் திட்டாகக் குளிர்ந்து தெரியும். கீழ் ஹோஸையும் பாருங்கள். ஒருவரை ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு, விசிறிக்கு அருகே கை போகாமல், சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் ஹோஸ் சப்பிப்போனால் அதுவே காரணம். ஹெட்லைட் போட்டதும் முள் துள்ளி ஏறினால் மட்டும், குறை சூட்டில் இல்லை, மின் இணைப்பில்; எஞ்சினை விட்டுவிட்டு எர்த் இணைப்பைத் துடைத்து இறுக்குங்கள்.

கேள்வி: சத்தத்துக்குக் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

பதில்: ஊற்றினால் சில நாள் சத்தம் அடங்கலாம். ஆனால் குளிர்ந்த காலையில் கெட்டி ஆயில் லிஃப்டரைச் சென்றடையத் தாமதமாகும். தேய்மானம் அந்த நேரத்தில்தான் அதிகம். கையேடு சொல்லும் தரத்தையே ஊற்றி, பிரஷரை அளந்து, காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்குவதற்கு முன் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் இடையே வாயுவும் தண்ணீரும் கசியாமல் தடுக்கும் தகடு. இரவு முழுதும் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கழுத்துவரை நிரப்பி, மூடாமலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் ஓரிரு காற்றுக் குமிழிகள் வருவது பொருட்டல்ல. எஞ்சின் சூடாவதற்கு முன்பே குமிழிகள் விடாமல் கிளம்பி, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பெருகினால், எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் புகுகிறது என்று கொள்ளலாம். தண்ணீர் மேலெழுவதைக் கண்டால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். இதை உறுதிசெய்ய நீல நிறத் திரவம் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் பொருத்தும் குழாயில் அதை ஊற்றி, மேலே வரும் ஆவியை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்போது பெட்ரோல் எஞ்சினுக்கு மஞ்சளாகவும் டீசலுக்குப் பச்சையாகவும் மாறும். நிறம் மாறினால் ஹெட்டை இறக்கச் சம்மதியுங்கள்; இறக்கிய பின் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாமல், நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்றும், வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்றும் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள்.