பட்டி பூசி மறைத்த துருவும், ‘உள்ளது உள்ளபடியே’ என்ற வரியும்

கேள்வி: ஐம்பது ஆண்டுப் பழமையான கார் ஒன்றை மலிவாக வாங்கி, விற்பதற்காகப் புதுப்பித்து வருகிறேன். கையில் பணம் குறைவாக இருந்ததால், கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டில் இருந்த துருவை வெட்டி வெல்டிங் செய்யாமல், பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டேன். என்ஜின் வேறொரு காரிலிருந்து எடுத்தது. மாற்றிப் பொருத்திய ஓடோமீட்டர் 32,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ‘உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பது பழைய விதிதான் என்றாலும், பார்த்தாலும் தெரியாதபடி குறையை மூடிவைத்தவருக்கு அந்த விதி துணை நிற்பதில்லை. துருவைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது வேறு. அதன்மீது பட்டி பூசி, தேய்த்து, நல்ல தகடு போலத் தோன்றச் செய்வது வேறு. பின்னது, சொல்லாமல் சொன்ன பொய்யாகவே கருதப்படக்கூடும். வாங்குபவருடன் வரும் மெக்கானிக் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்து, அது ஒட்டாமல் நழுவும் இடத்திலேயே உண்மையைக் கண்டுவிடுவார் என்பது தனி.

ஓடோமீட்டர் விஷயத்தில்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஆங்கிலப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் இரண்டு தீர்ப்புகள் உள்ளன. ஆஸ்கார் செஸ் எதிர் வில்லியம்ஸ் (1957) வழக்கில், 1939-ஆம் ஆண்டின் மோரிஸ் காரை, திருத்தப்பட்ட பதிவுப் புத்தகத்தை நம்பி 1948-ஆம் ஆண்டு வண்டி என்று சொல்லி விற்ற தனிநபர் தப்பினார். வண்டியின் ஆண்டைப் பற்றி அவருக்கு நேரடியாக எதுவும் தெரியாது, வாங்கியவரோ கார் வியாபாரி. டிக் பென்ட்லி வழக்கில் (1965), என்ஜின் மாற்றியபின் பென்ட்லி கார் 20,000 மைல்தான் ஓடியது என்று சொன்ன வியாபாரி தப்பவில்லை. உண்மையில் அது ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் ஓடியிருந்தது, விசாரித்து அறியும் வசதியும் அவருக்கு இருந்தது. விற்பதற்கென்றே வாங்கி, தாங்களே மீட்டரைக் கழற்றி மாட்டிய தாங்கள், இவ்விருவரில் இரண்டாமவருக்கே நெருக்கமானவர்.

துருவுக்கு வருவோம். அவ்வயதுக் கார்கள் பலவற்றில் அந்தத் தகடு அழகுக்கானதன்று. வண்டியின் பளுவைத் தாங்குவது, பெரும்பாலும் ஜாக்கி வைக்கும் இடமும் அதை ஒட்டியதே. அது நொறுங்கி யாரேனும் காயமடைந்தால், விஷயம் ஒப்பந்தத்தைத் தாண்டிக் கவனக்குறைவுக்கான இழப்பீட்டு வழக்காகிவிடும். உடற்காயத்துக்கான பொறுப்பை ஒரு வரி எழுதித் தட்டிக்கழிக்கப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருவதில்லை. ஆகவே வேறெதில் சிக்கனம் பிடித்தாலும், சீட் உறையை அப்படியே விட்டாலும், இந்த இடத்தில் பட்டியைச் சுரண்டிவிட்டு வெல்டிங் செய்துவிடுங்கள். அதற்கும் பணமில்லையெனில், பட்டியை எடுத்துத் துருவை வெளியே தெரியவிட்டு, விலையைக் குறைத்து விற்கலாம்.

என்ஜின் மாற்றம் குற்றமன்று. ஆனால் அது எவரிடமிருந்து வந்தது என்பதற்கான ரசீது தங்களிடம் இருக்க வேண்டும். பதிவு ஆவணத்தில் புதிய என்ஜின் எண்ணும் ஏற வேண்டும். இவை முடிந்தபின், விற்பனைப் பத்திரத்தில் இப்படி எழுதுங்கள்: ‘இவ்வண்டியின் என்ஜின் வேறு காரிலிருந்து மாற்றப்பட்டது, ஓடோமீட்டர் மாற்றப்பட்டதால் மொத்த ஓட்டம் தெரியாது, பழுது பார்த்த இடங்களின் புகைப்படங்களை வாங்குபவர் பார்வையிட்டார்.’ அந்தப் படங்களின் பின்புறத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைத் தங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.