மனு கொடுக்க வந்தவர்கள்: கடைசி ஜார்கள் காலத்து ரஷ்யா, கேள்வி பதில்

இரண்டாம் அலெக்சாந்தர், மூன்றாம் அலெக்சாந்தர், இரண்டாம் நிக்கோலாய் ஆகிய கடைசி மூன்று ஜார்களின் காலம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தேதிகளைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அன்றைய ரஷ்ய நாட்காட்டி நம்முடையதைவிட 19ஆம் நூற்றாண்டில் 12 நாளும், 20ஆம் நூற்றாண்டில் 13 நாளும் பின்தங்கி ஓடியது. நான் தருவதெல்லாம் ரஷ்யத் தேதிகள். 'பிப்ரவரிப் புரட்சி' நமக்கு மார்ச்சில் வருவது இதனால்தான்.

கேள்வி: 1861இலேயே பண்ணையடிமை முறையை ஒழித்துவிட்டார்களே சார், அப்புறமும் விவசாயிகளுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

விடுதலை கிடைத்தது, ஆனால் நிலம் விலைக்குத்தான் கிடைத்தது. பாட்டன் காலத்திலிருந்து தான் உழுத மண்ணுக்கே விவசாயி பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த விலையில் பெரும்பகுதியை அரசு நிலப்பிரபுவுக்குக் கொடுத்துவிட்டு, விவசாயியிடம் 49 ஆண்டுத் தவணையாக வசூலித்தது. தவணைக்கு ஊரே கூட்டாகப் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கட்டாவிட்டால் பாக்கி ஊரார் தலையில் விடியும். அதனால் வேலை தேடி வெளியூர் போவதற்கும் ஊர்ச் சபையின் அனுமதிச் சீட்டு வேண்டும். போதாக்குறைக்கு, முன்பு உழுதுவந்த நிலத்தில் ஒரு துண்டைப் பல இடங்களில் பிரபுக்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். மேய்ச்சல் புல்லோ மாட்டுக்குத் தண்ணீரோ அந்தத் துண்டில் இருந்துவிட்டால், பழைய எஜமானின் வாசலில்தான் மறுபடி போய் நிற்க வேண்டும். 1905இல் பண்ணை வீடுகள் பற்றி எரிந்த பிறகுதான், மிச்சத் தவணையை ரத்து செய்யும் அறிவிப்பு அந்த நவம்பரில் வந்தது.

கேள்வி: விடுதலை கொடுத்த அரசரையே ஏன் குண்டு வீசிக் கொன்றார்கள்?

'மக்கள் விருப்பம்' என்ற ரகசிய அமைப்பு, அரசரைக் கொன்றால் நாடு கிளர்ந்தெழும் என்று நம்பியது. 1881 மார்ச் 1ஆம் தேதி, தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கால்வாய்க் கரையில் முதல் குண்டு விழுந்தது. இரண்டாம் அலெக்சாந்தர் தப்பித்தார். வண்டியிலேயே போயிருக்கலாம், ஆனால் இறங்கி நடந்தார். இரண்டாவது குண்டு காலடியில் வெடித்தது.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைச் சட்ட ஆலோசனைக்கு அழைக்கும் திட்டத்தை அமைச்சர் லோரிஸ் மெலிக்கோவ் தயாரித்திருந்தார். அதற்கு அரசர் சம்மதம் சொன்னது அதே நாள் காலையில்தான். பட்டத்துக்கு வந்த மகன் மூன்றாம் அலெக்சாந்தர் அதைத் தூக்கி மூலையில் போட்டார். எதிர்பார்த்த எழுச்சியும் வரவில்லை. அந்த ஆகஸ்டில் 'தற்காலிகம்' என்று கொண்டுவந்த அவசரச் சட்டத்தை 1917 வரை புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவன். நிக்கோலாய் நல்ல மனிதர், சூழ்நிலைதான் அவரைக் கெடுத்தது என்று படித்தேன். சரியா?

தம்பி, நல்ல கணவர், பாசமான தகப்பன். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாட்டைத் தன் குடும்பச் சொத்தாகவே அவர் பார்த்தார். 1897இல் ரஷ்யப் பேரரசு முழுவதும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. மொத்தம் சுமார் 12.5 கோடிப் பேர், அதில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். எல்லோரையும் போல நிக்கோலாயும் படிவத்தை நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் அவர் எழுதியது: 'ரஷ்ய மண்ணின் உடைமையாளர்'.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, உள்ளூர் மன்றங்களின் பிரதிநிதிகள் வாழ்த்துச் சொல்ல அரண்மனைக்கு வந்தார்கள். ஆட்சியில் மக்களின் குரலும் கேட்க வேண்டும் என்று மிகப் பணிவாக ஒரு மன்றம் எழுதியிருந்தது. அவையெல்லாம் 'அர்த்தமற்ற கனவுகள்' என்று புது அரசர் முகத்துக்கு நேரே சொன்னார். வந்தவர்கள் ஜாருக்கு விசுவாசமான ஜமீன்தார்கள், மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்துகிறவர்கள். அவர்களையே இப்படித் திருப்பி அனுப்பினால், ஆலைத் தொழிலாளி எங்கே போவான்?

கேள்வி: ரத்த ஞாயிறு அன்று உண்மையில் என்ன நடந்தது? கூட்டம் அரண்மனையைத் தாக்க வந்ததா?

இல்லவே இல்லை. 1905 ஜனவரி 9. புத்தீலோவ் ஆலையில் சில தொழிலாளர்களை நீக்கியதில் தொடங்கிய வேலைநிறுத்தம் பீட்டர்ஸ்பர்க் நகரம் முழுக்கப் பரவியிருந்தது. கப்போன் என்ற பாதிரியார் முன்னே நடக்க, குடும்பம் குடும்பமாக, ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் மக்கள் வந்தார்கள். கையில் தேவமாதா படங்களும் ஜாரின் படமும் இருந்தன. எட்டு மணி நேர வேலையும், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையும் வேண்டும் என்பது மனு. நீதியும் பாதுகாப்பும் தேடி உங்களிடம் வந்திருக்கிறோம் என்று அது தொடங்கும். கேட்காவிட்டால் உங்கள் அரண்மனை முன்னால் இந்தச் சதுக்கத்திலேயே செத்துப்போவோம் என்று முடியும்.

மனுவை வாங்க ஜார் ஊரிலேயே இல்லை, நகருக்கு வெளியே ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையில் இருந்தார். நார்வா வாயிலில் படைவீரர்கள் சுட்டார்கள். அரண்மனைச் சதுக்கத்திலும் சுட்டார்கள். அரசுக் கணக்குப்படியே சுமார் 130 பேர் செத்தார்கள்.

பத்து நாள் கழித்து நடந்ததைப் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அதிகாரிகளே பொறுக்கியெடுத்த தொழிலாளர் குழு ஒன்றை ஜார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உங்கள் குற்றத்தை மன்னிக்கிறேன் என்றார் அவர். சுட்டவர்கள் பக்கம் இருந்துகொண்டு, சுடப்பட்டவர்களுக்கு மன்னிப்பு! 'ஜார் அப்பா' என்று ஏழைகள் வாய் நிறையச் சொன்ன சொல் அதன்பிறகு கசந்துபோனது.

கேள்வி: டூமா வந்த பிறகு நிலைமை மாறவில்லையா?

நாடே வேலைநிறுத்தத்தில் முடங்கியதால்தான், டூமா என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபைக்கு உறுதி தந்த 1905 அக்டோபர் 17 அறிக்கை வந்தது. முதல் டூமா நிலப் பிரச்சினையைக் கையில் எடுத்தது, 72 நாளில் கலைத்தார்கள். இரண்டாவதும் சில மாதம்தான். 1907 ஜூன் 3 அன்று அதைக் கலைத்த கையோடு, நிலவுடைமையாளர்களின் ஓட்டுக்குக் கனம் கூடும்படி தேர்தல் சட்டத்தையும் மாற்றினார்கள். மூன்றாவது டூமா முழுக் காலமும் நீடித்தது இப்படித்தான்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் காரணம் ரஸ்பூதின்தானே?

கிடையாது. அவர் ஒரு நாட்டுப்புறச் சாமியார். இளவரசனின் ரத்தம் உறையாத நோயைத் தணிப்பார் என்ற நம்பிக்கைதான் அவரை அரண்மனைக்குள் வைத்திருந்தது. அமைச்சர் நியமனங்களில் அவர் கை இருந்தது, அரச குடும்பத்தின் பெயர் கெட்டது. ஆனால் 1916 டிசம்பரில் அவரைக் கொன்ற பிறகும் ரொட்டிக் கடை வரிசை குறையவில்லை.

கேள்வி: 1905இல் சுட்டு அடக்க முடிந்தது, 1917இல் ஏன் முடியவில்லை?

இந்த முறையும் சுட்டார்கள், அதை மறக்கக் கூடாது. பிப்ரவரி 23, பெண்கள் தினம். பெத்ரோகிராதின் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். பக்கத்து ஆலைகளின் ஆண்களையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் போர்முனைத் தலைமையகத்தில் இருந்த ஜார், நாளையே கலவரத்தை நிறுத்து என்று தந்தி அடித்தார். 26ஆம் தேதி ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் வொலின்ஸ்கி படைப்பிரிவினர் கூட்டத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றிரவு பாசறையில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை, இனி சுட மாட்டோம் என்று முதலில் கிளம்பியது அதே படைப்பிரிவு. கிராமத்திலிருந்து வந்து சிப்பாய் உடுப்புப் போட்டவர்கள் அவர்கள். ரொட்டி கேட்டவர்களில் தங்கள் அம்மாவையும் அக்காவையும் கண்டிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: பதவி விலகச் சொன்னது புரட்சிக்காரர்களா?

அவருடைய தளபதிகள். மார்ச் 2, ப்ஸ்கோவ் ரயில் நிலையத்தில் ஜாரின் ரயில் நின்றிருந்தது. போர்முனைத் தளபதிகளின் தந்திகள் ஒவ்வொன்றாக வந்தன. சித்தப்பா முறை நிக்கோலாய் நிக்கோலாயெவிச்சின் தந்தியும் அதில் ஒன்று. எல்லோரும் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: விலகிவிடுங்கள். முதலில் மகனுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னவர், நோயாளிப் பிள்ளையைப் பிரிய மனமில்லாமல், தம்பி மிகயீலின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுற்றிலும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

மிகயீல் மறுநாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்: மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை கேட்டுக்கொண்டால் மட்டுமே அதிகாரத்தை ஏற்பேன் என்று. 1905 ஜனவரியில் கப்போனின் மனு கேட்டதும் அப்படி ஒரு சபையைத்தான்.